கேட்காத சுற்று

கடலுக்கடியில் ஆயிரத்து நானூறு மீட்டர் ஆழத்தில் ஆளில்லா எந்திரம் நகர மறுத்தது. மேலே கப்பலில் திரையெதிரே உட்கார்ந்திருந்த ஓட்டுநர் கைப்பிடியை முன்னால் தள்ளினார். விசிறிகள் சுற்றின, திரையில் சேறு கிளம்பியது, எந்திரம் மட்டும் கட்டிப்போட்ட மாடு மாதிரி அங்கேயே நின்றது. பின் கேமராவைப் போட்டுப் பார்த்தார். கப்பலிலிருந்து இறங்கிவரும் மஞ்சள் கேபிள், பவள மரத்தின் அடித்தண்டை வளைத்துக்கொண்டு வந்திருந்தது.

மரம் என்றால் சும்மா மரமா அது! இரண்டு ஆள் உயரம், ஆரஞ்சு நிறம், கிளைக்குக் கிளை உயிர். கடலுக்குள் தன்னந்தனியாக எழுந்து நிற்கும் அந்த மலையின் உச்சியில், கண்ணாடி நூலில் பின்னிய கூடைகளைப் போலப் பஞ்சுயிரிகள் சுற்றிலும் உட்கார்ந்திருக்க, நடுவே அது மட்டும் நின்றிருந்தது. இதுவரை ஒரு கண்ணும் பார்க்காத இடம். வயது ஆயிரத்துக்குக் குறையாது என்று பவள ஆய்வாளர் டாக்டரம்மா சொன்னபோது அவர் குரலே கம்மிவிட்டது. பவளங்களோடு முப்பது வருடம் குப்பை கொட்டிய மனுஷி அவர்.

எந்திரம் எதையாவது சுற்றினால், எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று துணை ஓட்டுநர் உரக்க எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் முறை. அவரோ காலையிலிருந்து வாந்தியெடுத்து, வாளியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். மரத்தை எல்லாப் பக்கமும் காட்ட எந்திரம் சுற்றி வந்தபோது அவர் நாற்காலியில் டாக்டரம்மா. அவர் எண்ணவா வந்தார்? வாய் பிளந்து பார்க்க வந்தவர். ஓட்டுநருக்குத்தான் புத்தி எங்கே போயிற்று!

"காத்து ஏறுது," என்று ஒலிபெருக்கியில் கேப்டன். "பதினஞ்சு நிமிஷம் தர்றேன். அதுக்குள்ள வெளிய வரலைன்னா வின்ச்ச போட்டு இழுத்துருவேன்."

கேபிளைச் சுருட்டும் அந்த வின்ச் இழுத்தால் எந்திரம் வந்துவிடும். மரம் அடியோடு முறியும். கேப்டனைக் குறை சொல்ல முடியாது, அவர் தலையில் இருபத்திரண்டு உயிர்.

"நான் ரெண்டு தடவ 'இன்னொரு சுத்து போங்க'ன்னு சொன்னேன்," டாக்டரம்மா விரல் மடக்கினார். "மொதல்ல கேட்டது ஒண்ணு. ஆக மூணு. மூணு சுத்து திரும்பிப் போனா அவுந்துரும்ல சார்?"

"அவுந்துரணும்."

திரும்பிச் சுற்ற வேண்டுமென்றால் கப்பலின் மேல்தளத்திலிருந்து கேபிளைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டிய வின்ச்காரர் வேறு யாருமில்லை, ஓட்டுநரின் தங்கை புருஷன். போன பயணத்தில் கேபிள் நைந்துபோனதற்கு ஓட்டுநர் எழுதிய அறிக்கையில் 'வின்ச் இயக்கியவரின் கவனக்குறைவு' என்று ஒரு வரி. அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. தங்கை இரண்டு பக்கமும் கெஞ்சி ஓய்ந்துவிட்டாள். எட்டு மாதமாக இருவருக்கும் இடையே விடு, நிறுத்து, இழு என்ற மூன்றே சொற்கள்தான்.

"விடு," என்றார் ஓட்டுநர்.

கேபிள் தளர்ந்தது. மரத்தைப் பார்த்தபடியே இடப்பக்கமாக, அங்குலம் அங்குலமாக முதல் சுற்று. நீரோட்டம் எந்திரத்தைக் கிளைகளின் மேல் தள்ளத் தள்ள, இவர் பல்லைக் கடித்துக்கொண்டு விலக்கினார். சட்டை முதுகோடு ஒட்டியது. இரண்டாவது சுற்று. டாக்டரம்மா சத்தமாக எண்ணினார், இப்போதாவது. மூன்றாவது முடிந்தபோது பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது.

விலகப் பார்த்தார். கேபிள் விடவில்லை.

"மூணுதானே சார்? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!"

ஓட்டுநருக்கு மலையுச்சிக்கு வந்து சேர்ந்த அந்த நேரம் நினைவுக்கு வந்தது. டாக்டரம்மா குனிந்து நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். யாரும் சுற்றச் சொல்லவில்லை. இவருடைய கை தானாகவே எந்திரத்தை ஒரு முறை சுற்றிக்கொண்டு போயிற்று.

"நாலு," என்றார். "நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே நான் ஒண்ணு போயிட்டேன். பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

டாக்டரம்மா நாலாவது விரலையும் மடக்கினார்.

"நேரம் முடிஞ்சுது. வின்ச், இழு," என்றார் கேப்டன்.

ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டார். ஒலிபெருக்கியில் தங்கை புருஷனின் குரல் கரகரத்தது.

"கேப்டன், டிரம்ல கேபிள் கோணலா உக்காந்திருக்கு. இப்ப இழுத்தா அறுந்துரும். அஞ்சு நிமிஷம், சரி பண்ணிர்றேன்."

ஓட்டுநர் வின்ச்சைக் காட்டும் ஓரத்துச் சின்னத் திரையைப் பார்த்தார். டிரம்மில் கேபிள் வாரி விட்ட தலைமுடி போல வரிசையாக, ஒழுங்காக இருந்தது. உடனே காதில் மாட்டிய தனி இணைப்பில் அதே குரல், தாழ்ந்து:

"இதயும் அறிக்கைல எழுதிக்குங்க மச்சான். இப்ப சுத்துங்க, தளத்தி விடறேன்."

எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த 'மச்சான்' அது. அழக்கூட நேரமில்லை. சுற்றினார். பாதியில் விசிறி கிளப்பிய சேறு திரையை மூடிவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டாற்போல, திசைகாட்டியின் முள்ளை மட்டும் நம்பிப் போனார். எங்கோ ஏதோ உரசியது. பிறகு எந்திரம் சட்டென்று லேசாகி, பின்னால் மிதந்து விலகியது.

"வெளிய வந்துட்டேன். மாப்ள, இழுக்காதீங்க, நிறுத்துங்க."

"மரம் இருக்கா மச்சான்?"

விளக்கொளியில் பழுப்புத் தூசி மட்டும் மெல்ல மெல்லக் கீழிறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அவர் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். மேலே தங்கை புருஷன் மூச்சு விடுவது காதில் கேட்டது. தூசிக்குள் முதலில் ஓர் ஆரஞ்சு நுனி தெரிந்தது, பிறகு நிமிர்ந்தே நின்ற மரம். நுனியைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்த மெல்லிய நட்சத்திர மீன் ஒன்று, ஒரு கையை மட்டும் விடுவித்து, நீருக்குள் நீட்டிப் பார்த்தது.