தையலுக்கு விட்ட அரை அங்குலம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நேற்று என் மகளின் கணக்கு நோட்டில் ஒரு முக்கோணத்தைப் பார்த்தேன். அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு இல்லையே என்று மனசு தேடியது. அங்கே பிறந்தது இந்தக் கதை.

2

கணக்கு வாத்தியார் வேலையை விட்டுப் போனபோது எங்கள் பொதுத்தேர்வுக்கு எட்டு வாரம்தான் இருந்தது. தலைமையாசிரியர் கைக்கு அகப்பட்டவர் தையல் டீச்சர். ("அவர் கண்களில் ஓர் ஒளி" என்று எழுதி அடித்துவிட்டேன். ஒளியாவது ஒன்றாவது, பயத்தில் வியர்த்துக் கொட்டியது.)

கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். அளந்தால் எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூடுதல்.

"பழக்கதோஷம்மா. தையலுக்கு விட்டுட்டேன்."

அன்றிலிருந்து உள்ளே கோடு, வெளியே புள்ளிக்கோடு. தனக்குப் புரியாத படியை இரண்டுக்கும் நடுவில் எழுதிவைப்பார். மறுநாள் படித்துக்கொண்டு வந்து உள்ளே சேர்ப்பார். எங்கள் தப்புகளுக்கும் அங்கேதான் இடம்.

3

பிறகு பள்ளியைப் பார்வையிடக் கல்வி அதிகாரி வந்தார். (அவரை வில்லனாக்க இரண்டு முறை முயன்றேன். கடைசி பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்து கேட்ட மனிதர், மனம் வரவில்லை.)

"அந்த வெளிக்கோடு எதுக்கு டீச்சர்?"

"தப்பா வந்தா பிரிச்சுத் தைக்க இடம் வேணுமில்ல சார். பிள்ளைங்களுக்கும், எனக்கும்."

சிரித்தார். சிரித்தபடியே, கணக்குக்குச் சான்றிதழ் இல்லாதவர் கணக்கு எடுக்கக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். குறை சொல்ல மாட்டேன். என் மகளுக்கு என்றால் நானும் சான்றிதழைத்தான் கேட்பேன்.

4

மறுநாள் கணக்கு வகுப்புக்கு யாரும் வரவில்லை. தையல் வகுப்பில் டீச்சர் ஆளுக்கொரு துண்டுத் துணி கொடுத்தார்.

"இன்னிக்கு ஜாக்கெட் இல்ல. வட்டம் வரைஞ்சு தொடுகோடு போட்டு வெட்டுங்க."

"யாராவது கேட்டா டீச்சர்?"

"தையல்னு சொல்லுங்க. கையில கத்தரி இருக்கே, பொய்யில்லையே."

5

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் அதே அதிகாரி தையல் அறை வாசலில் நின்றார். மேஜையெல்லாம் வட்டங்கள். அவர் உள்ளே வந்து, என் துணியை எடுத்து, புள்ளிக்கோட்டை விரலால் தடவி

(இதற்கு மேல் நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்தேன். அவர் பேனாவை எடுத்தாரா, கத்தரியை எடுத்தாரா? எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு துப்பு மட்டும்: கணக்கில் தேறவே மாட்டாள் என்று வீட்டிலேயே கைகழுவிவிட்ட நான் எழுபத்தொன்று வாங்கினேன்.)

நன்றி டீச்சர். முப்பது வருடம் சொல்லாமல் இருந்தது என் தப்பு.

வாசகரே, வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். தப்பாக வந்தால் பிரித்துக்கொள்ளலாம், அரை அங்குலம் விட்டிருக்கிறேன்.