ஒரு கஜம் பட்டு

சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள். என் நாத்தனார் ரேணுகாம்பாள் செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து, "காந்தா, பசங்களுக்கு சிங்கம் காட்டிக்கினு வரலாம், எல்லாரும் கெளம்புங்க" என்று சொன்னபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அவள் புருஷன் கைலாசம் சொந்தமாக ஒரு அம்பாசிடர் டாக்சி வைத்திருக்கிறார். சொந்த மாமியார் வீட்டுக்குக்கூட அந்த வண்டியைச் சும்மா எடுக்காத மனுஷன். அப்பேர்ப்பட்டவர் ஓசூர் தாண்டி, பெங்களூர் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் மிருகக் காட்டுக்கு எங்களைச் சொந்தச் செலவில் கூட்டிப் போகிறாராம். அங்கே கூண்டு கிடையாதாம். மிருகங்கள் வெளியே திரியுமாம், நாம்தான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். என் பெண்கள் இரண்டும் அதைக் கேட்டுவிட்டு அன்று ராத்திரி சோறே தின்னவில்லை. பெரியவள் தேவகிக்கு ஏழு வயசு. சின்னவள் தையல்நாயகிக்கு நாலு.

என் சந்தேகமெல்லாம் சின்னவளைப் பற்றித்தான்.

நாத்தனாருக்குக் கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷம். நாலு தரம் உண்டாகி நாலு தரமும் கலைந்து போயிற்று. எனக்கோ இரண்டு இருக்க, மூன்றாவது வயிற்றில் ஐந்து மாதம். எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் வாய் சும்மா இருக்குமா? "ஒண்ண அவளுக்குத்தான் குடுத்துடேன், ஒனக்குத்தான் வந்துக்கினே இருக்குதே" என்று எதிர்வீட்டு ஜெயம்மாள் என் முகத்துக்கு நேரேயே சொன்னாள். நாயகி வேறு அத்தையைக் கண்டால் இடுப்பை விட்டு இறங்க மாட்டாள்.

இதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்றால் நானும் விட்டிருப்பேன். ஆனால் தறி பொய் சொல்லாது. என் புருஷன் கோதண்டபாணி நெய்கிற தறிக்கு ஊடைத்தார், அதாவது குறுக்கு நூல் கண்டு, சுற்றுகிறவள் நான். ஒரு புடவைக்கு எத்தனை தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். போன தடவை தறியில் ஏற்றின நெடுக்கு இழைப் பாவில் மூன்று புடவையும் அறுத்து எடுத்தான பிறகு, அவர் இன்னும் நாலு தார் சுற்றச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "மிச்ச பாவு இருக்குது, வீணாப் போவுது" என்றார். சாயங்காலம் நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் தறி காலி. நாலு தாருக்கு ஒரு கஜம் வரும். அரக்கு உடல், பச்சைக் கரை. வீடு முழுக்கத் தேடிவிட்டேன், அந்த ஒரு கஜம் எங்கள் வீட்டில் இல்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று வெளியாளுக்குத் தெரியாது. என் புகுந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைத் தத்துக் கொடுப்பதென்றால் வெறுங்கையால் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கிறவன் தன் தறியில் நெய்த பட்டில் ஏந்தித்தான் கொடுக்க வேண்டும். என் மாமனாரே அப்படி அவர் பெரியப்பா வீட்டுக்குப் போனவர்தான். அந்த நைந்த பட்டு இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

என் புருஷனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவது? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

ஆனி அமாவாசைக்குக் கிளம்பினோம். அன்றைக்குத்தானே எங்களுக்குத் தறி லீவு. வாயும் வயிறுமாக இருப்பவளை அமாவாசையில் காட்டுக்குக் கூட்டிப் போகிறார்களே என்று தெருவே முணுமுணுத்தது. நாத்தனார் அதற்கும் பதில் வைத்திருந்தாள். "நான் பக்கத்துலயே இருப்பேன், ஒரு கொறையும் வராது."

விடிகாலை ஐந்து மணிக்கு வண்டி வந்தது. முன்னால் கைலாசம் ஓட்ட, அவர் பக்கத்தில் என் புருஷனும் தேவகியும். பின்னால் ஏறும்போதே நாத்தனார் நாயகியை மடியில் இழுத்துக்கொண்டாள். நான் விடுவேனா? "ஜன்னல் வேணும்னு அழும் அண்ணி" என்று குழந்தையைப் பிடுங்கி அந்தக் கோடியில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொண்டேன். இனி அவள் குழந்தையைத் தொட வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் தொட வேண்டும்.

வழியெல்லாம் உபசாரம். என் முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்திருந்தாள். வேலூரில் இளநீர். ஆம்பூர் தாண்டியதும் ஆரஞ்சு உரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாக என் கையில் வைத்தாள். "மெதுவா ஓட்டுங்க, குலுங்குது" என்று கைலாசத்தைப் பத்து தரம் அதட்டினாள். பெற்றவளைக் குளிப்பாட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கப் பார்க்கிறாள் பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆரஞ்சை மட்டும் தின்றுவிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அவள் மடியில் ஒரு துணிப்பை. கிளம்பினதிலிருந்து அதைக் கீழே வைக்கவேயில்லை. இறங்கி டீ குடிக்கும்போதுகூடத் தோளில் மாட்டியிருந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த என் புருஷன் ஒரு தரம்கூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

மிருகக் காட்டு வாசலில் இரண்டு கேட். முதல் கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விட்டு, அதைப் பூட்டின பிறகுதான் அடுத்ததைத் திறக்கிறார்கள். காக்கிச் சட்டைக்காரன் கன்னடத்தில் ஏதோ சொன்னான். "கண்ணாடிய எறக்கக்கூடாதாம், யாரும் எறங்கக்கூடாதாம், ஹார்ன் அடிக்கக்கூடாதாம்" என்று கைலாசம் எங்களுக்குச் சொன்னார்.

முதலில் மான்கள். அப்புறம் ஒரு கரடி புட்டத்தைக் காட்டிக்கொண்டு போயிற்று. "அது ஏன் நம்மள பாக்க மாட்டன்னுது?" என்று நாயகி கோபித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அடுத்த வளைவில் கைலாசம் பிரேக் போட்டார்.

ரோட்டுக்கு நட்டநடுவில் ஆண் சிங்கம் ஒன்று படுத்திருந்தது. வாலை மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. "அப்பா, அப்பா" என்று தேவகி அவர் சட்டைக்குள் புகுந்துகொண்டாள். நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் சிங்கம் ஒன்று பக்கத்துப் புதரிலிருந்து வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

சில்லென்று காற்று அடித்தது. திரும்பினேன். நாயகி கண்ணாடிக் கைப்பிடியை இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டிருந்தாள். நாலு விரல்கடை இறங்கியிருந்தது. அந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில், மஞ்சள் கண். அதன் மூச்சு நாற்றம் உள்ளே வந்தது.

நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. குழந்தையை இழுத்து என் காலடியில் தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். ஐயோ, ஜன்னலோரம் உட்கார வைத்தது நான்தானே. அத்தை மடியில் விட்டிருந்தால் அவள் கைப்பிடியைத் தொட விட்டிருப்பாளா? கண்ணாடி ஏறினது. சிங்கம் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு நகர்ந்து போயிற்று.

அப்போதுதான் என் வயிற்றில் கை இருப்பது தெரிந்தது. நாத்தனார் பின்னாலிருந்து இரண்டு கையாலும் என் வயிற்றைக் கட்டிப் பிடித்திருந்தாள். நாயகி காலடியில் வீறிட்டு அழுகிறாள், அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

"பாக்காத காந்தா, அதும் கண்ண பாக்காத! பயந்தா வயித்துக்கு ஆவாதுமா!" என்று பையிலிருந்து எதையோ உருவி என் வயிற்றின் மேல் போர்த்தி இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டாள்.

அரக்கு உடல், பச்சைக் கரை. கரையில் மயில்கண் பூவேலை. மூன்றாவது கண்ணுக்கும் நாலாவது கண்ணுக்கும் நடுவில் ஓர் இழை தள்ளும். அது என் புருஷன் கை. ஆயிரம் புடவைக்கு நடுவில் போட்டாலும் எடுத்துவிடுவேன்.

ஒரு கஜம். நாலு வயசுப் பெண்ணை ஒரு கஜத்தில் எப்படி ஏந்துவார்கள்? பதினைந்து நாளாகத் துணியின் நீளம் தெரிந்து, நிறம் தெரிந்து, தார்க் கணக்கும் தெரிந்து, இந்தச் சின்ன விஷயம் என் மர மண்டைக்கு எட்டவில்லை. அது பிறந்த பிள்ளையின் அளவு.

"இது ஒங்க கைக்கு எப்பிடி வந்திச்சி அண்ணி?" என்றேன்.

"தம்பிதான் குடுத்தான்."

முன்னால் என் புருஷனின் காது சிவந்தது. ஆண் சிங்கம் ரோட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. வண்டியை நகர்த்தவும் முடியாது, கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போகவும் முடியாது. அவர் எங்கே ஓடுவார்?

"நாயகியத்தான் கேக்கப் போறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றேன்.

நாத்தனார் பதறிப் போனாள். "நாயகியயா? அய்யய்யோ, வளந்த கொழந்தய தாய்கிட்டருந்து பிரிப்பனா நானு? அது ஒன்னத் தேடி ஏங்கிப் பூடுமே! அந்தப் பாவம் எனக்கு வேணாம்மா. இதுன்னா... ஒன் மொகம் தெரியறதுக்கு முன்னாடியே..." என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "இன்னா காந்தா, புதுசா கேக்கற மாதிரி பாக்கற? நீதான் மனசோட ஒத்துக்கினன்னு தம்பி சொன்னானே!"

நாயகி காலடியில் விசும்பிக்கொண்டிருந்தாள்.

"அதப் பத்தி அவகிட்ட பேசாத, அழுவான்னான். அதான் நானு வாயத் தெறக்கல. எனக்கு ஒரு உசுரையே குடுக்கறவளுக்கு நானு இன்னா செய்ய முடியும்? சிங்கம் பாக்கணும்னு தேவகி சொல்லிக்கினு இருந்தா. இவருகிட்ட அழுது வண்டிய எடுக்க வெச்சேன்."

தலையணை, இளநீர், கொட்டை எடுத்த ஆரஞ்சு. எல்லாம் நன்றி. நான் கொடுக்காத ஒன்றுக்கு அவள் காலையிலிருந்து எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இன்னாங்க, திரும்புங்க" என்றேன்.

அவர் பாதிதான் திரும்பினார். "அக்கா அழுதுக்கினே இருந்திச்சி. ஒன்னக் கேட்டா நீ மாட்டன்னுடுவ. பொறந்தப்பறம் பக்குவமா சொல்லிக்கலாம்னு..."

"கேட்டீங்களா?"

"கேட்டா..."

"கேட்டீங்களா, இல்லியா?"

"இல்ல" என்றார்.

இன்றைக்கு வரைக்கும் என் ஆத்திரம் தீராததற்குக் காரணம் இதுதான். கேட்டிருந்தால் நான் கொடுத்தாலும் கொடுத்திருப்பேன். அவளுக்கு மூன்றாவது தடவை கலைந்தபோது கூட இருந்து துணி அலசிப் போட்டவள் நான். அந்த ராத்திரி அவள் அழுத அழுகை எனக்குத் தெரியும். ஒரு வாரம் அழுதுவிட்டு, நானே தூக்கிக் கொடுத்திருப்பேனோ என்னவோ. அந்த ஒரு வாரத்தைக்கூட எனக்குக் கொடுக்காமல் நாலு தாரில் முடித்துவிட்டார் மனுஷன். அந்த நாலையும் சுற்றிக் கொடுத்தது நானே.

நாத்தனார் என் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். பட்டை எடுத்து நாலாக மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை, திரும்பவும் மடித்தாள். அதை என் மடியில் வைத்தாள்.

"நீ குடுக்காதத நானு எப்பிடிமா எடுத்துக்கறது?" என்றாள். கீழே குனிந்து நாயகியைத் தூக்கி, முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, என்னிடமே நீட்டினாள். நான் வாங்கவில்லை. "ஒங்க மடியிலயே இருக்கட்டும் அண்ணி" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் சிங்கம் தானாக எழுந்து உடம்பை உதறிக்கொண்டு போயிற்று. கைலாசம் கியர் போட்டார்.

ஐப்பசியில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தாள். அந்தப் பட்டில்தான் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், என் வீட்டுக்கு. நாத்தனார் ஒரு நாளும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் டவுன் பஸ் பிடித்து வருகிறாள். குழந்தையை நானே தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அவள் கொஞ்சுவது கேட்கும், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

என் கண்ணெல்லாம் தறிமேல்தான். இப்போதும் அவருக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறேன், சோறு போடுகிறேன், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் பாவு முடிகிற நாளில் தண்ணீருக்குப் போவதில்லை. பக்கத்திலேயே நின்று, அறுத்து எடுக்கிற துணியை அவர் எதிரிலேயே முழம் போட்டுப் பார்க்கிறேன்.