இடது மணிக்கட்டு

மேடையேற இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. கிருபாசங்கருக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. சூலூரில் பம்ப் செட் கடை வைத்திருக்கிற நாற்பத்தெட்டு வயது மனுஷனுக்கு மேடை பயம் வருவதில் தப்பில்லைதான். ஆனால் அவன் பயந்தது மேடைக்கு அல்ல. முதல் வரிசையில், நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பூங்கோதைக்கு.

எல்லாம் ரித்திகா செய்த வேலை. அவன் எழுதிப் பாடிய பாட்டின் இருபத்தைந்தாவது வருஷ விழாவைக் கோயமுத்தூரில் நடத்துகிற எஃப்.எம். பெண் அவள். ஐந்து நிமிடம் முன்னால் ஒப்பனை அறைக்குள் எட்டிப் பார்த்து, பாட்டில் வருகிற பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், அவர் பெயர் கலாமணி என்றும், காங்கேயத்திலிருந்து அவரையும் அவர் மகளையும் வரவழைத்திருப்பதாகவும், பாட்டு தொடங்குமுன் மேடைக்குக் கூப்பிடப் போவதாகவும் சொன்னாள். ஏதோ பிறந்தநாள் கேக் கொண்டுவந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டே ஓடியும் போய்விட்டாள்.

பேட்டிகளில் அவன் யாரிடமும் பெயர் சொன்னதில்லை, சிரித்து மழுப்பிவிடுவான். வீட்டில் அப்படி மழுப்ப முடியுமா? பெண் பார்க்கப் போன அன்றே பூங்கோதை கேட்டுவிட்டாள், அந்தப் பாட்டு யாருக்கு எழுதியது என்று. "இன்னும் பாக்காத ஒரு பொண்ணுக்கு எழுதுனனுங்க. இப்பப் பாத்துட்டேன்" என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டான். சொன்ன பொய் பிரமாதமாக எடுபட்டது. மாமனார் வீட்டில் அன்றைக்கு இரண்டாவது தடவை காபி வந்தது. பாட்டில் வருகிற பெண் பூங்கோதைதான் என்று சொந்தபந்தம் அத்தனையும் இருபத்திரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறது.

பாட்டின் பெயர் 'கேக்காமப் போனனுங்க'. அது பிறந்ததே ஒரு வேலைநிறுத்தத்தில்தான். சோமனூரில் அவன் அப்பாவுக்குப் பன்னிரண்டு விசைத்தறி. ராப்பகலாக ஓடுகிற தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் தும்மினால்கூடக் கேட்காது. இரண்டாயிரமாவது வருஷம் கூலித் தகராறில் பதினோரு நாள் தறி நின்றபோது ஊரே ஊமையாகிவிட்டது. இந்த அமைதி விட்டால் கிடைக்காது என்று கோட்டைமேட்டு நண்பன் ரசாக் கிடாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தான். தறிக் கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்து பதிவு செய்தார்கள். ஒரு கிடார், மெதுவான டிரம்ஸ், கத்தாத ஒரு குரல், அவ்வளவுதான். காதலியை 'நீங்க, வாங்க' என்று கூப்பிடுகிற பாட்டை அதுவரை யாரும் கேட்டதில்லை. கேசட் கல்லூரி விடுதிகளில் கைமாறியது, மினி பஸ்களில் தேய்ந்தது, கேபிள் டிவியில் தினமும் ஓடியது. சென்னைப் பத்திரிகை ஒன்று சாஃப்ட் ராக் என்று புகழ்ந்து எழுதியபோது ரசாக் விழுந்து விழுந்து சிரித்தான். நமக்குச் சத்தமாக வாசிக்கத் தெரியாது என்பதைத்தான் இப்படி மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்றான். இப்போது பாட்டு பிறந்தபோது பிறக்காத பிள்ளைகளெல்லாம் அதை வைத்து ரீல்ஸ் போடுகிறார்கள்.

வம்பு இரண்டாவது சரணத்தில் இருந்தது. கோயிலில் மாவிளக்குத் தட்டு ஏந்திப் போகிற பெண். தட்டு சாய்ந்து, சூடான நெய் வழிந்து, அவள் இடது மணிக்கட்டைச் சுட்டுவிடும். பார்த்தவன் ஓடிப்போய்க் கேட்காமல் போய்விடுவான். இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அவர்கள் குலதெய்வக் கோயிலில், பங்குனிப் பொங்கலன்று கிருபாசங்கர் கண்ணால் பார்த்தது அது. மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மாவிளக்கு வரிசையில் நிற்பது அவன் கூட்டத்துப் பெண்கள்தான், அதாவது அவன் குலத்திலேயே பிறந்தவர்கள். ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை. முகம் தெரியாவிட்டாலும், ஊர் வேறானாலும் அண்ணன் தங்கைதான். நினைப்பதே தப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டு, யாரிடமும் பெயர்கூட விசாரிக்காமல் சோமனூருக்குப் பஸ் ஏறிவிட்டான். ஏறினவன் பாட்டாக எழுதித் தொலைத்தான்.

இப்போது அந்தப் பெண் மேடையேறினால் பூங்கோதையின் மானம் அண்ணன், அண்ணி, நாத்தனார் என்று இரண்டு வரிசை உறவுக்காரர்கள் முன்னால் போகும். பொய் சொன்னவன் அவன், தலைகுனியப் போகிறவள் அவள். அதை நினைக்க நினைக்க அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ரசாக்தான் கலாமணியை அழைத்து வந்திருந்தான். ஆளை விட்டுவிட்டு அவன் நழுவிக்கொண்டான். அவளுக்கு நாற்பத்து நான்கு வயதிருக்கும். ஒரு எண்ணெய் மில்லையே நிர்வாகம் செய்கிறவள் போன்ற நிதானம் முகத்தில் இருந்தது. கும்பிட்ட கையில், இடது மணிக்கட்டில், வெளிறிப்போன தழும்பு. பாட்டால் ஏதாவது சங்கடம் வந்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்றான். கூட்டத்துத் தங்கையை வைத்துப் பாட்டெழுதியது தப்புதான் என்றும் தட்டுத் தடுமாறிச் சொன்னான்.

அவள் அவனை விநோதமாகப் பார்த்தாள்.

"தங்கச்சியா? நான் உங்க கூட்டம் இல்லீங்க. எங்கம்மா பொறந்த ஊடுதானுங்க உங்க கூட்டம். மாமன் மகளுக்கு அன்னைக்கு அம்மை போட்டிருந்துது. தட்டு நிக்கக் கூடாதுன்னு எங்கம்மா என்னைப் புடிக்கச் சொன்னாங்க."

கிருபாசங்கர் மனசுக்குள் முறை போட்டுப் பார்த்தான். கூட்டத்தில் பிறந்தவளின் மகள் என்றால் அத்தை மகள். தங்கை என்று பயந்து அவன் ஓடியது தன் முறைப்பெண்ணை விட்டு. ஊரே கூடி, தாம்பூலம் வைத்துக் கட்டிக்கொடுத்திருக்கக்கூடிய பெண்ணை.

அவள் அமைதியாகவே சொல்லிக்கொண்டு போனாள். பாட்டு வந்ததுமே அவள் அம்மா தழும்பை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாராம். பையன் நம் கூட்டம்தான், கேட்டு வருவார்கள் என்று வந்த வரனையெல்லாம் ஏழு மாதம் தள்ளிப் போட்டாராம். பெண் வீட்டிலிருந்து போய் எப்படிக் கேட்பது? பிறகு காங்கேயத்திலேயே ஒரு நல்ல இடம் அமைந்தது. நன்றாகத்தான் இருக்கிறாள். எஃப்.எம்.முக்குத் தகவல் அனுப்பியது அவள் மகள்.

"குறை சொல்ல வரலீங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க, அவ்வளவுதான்" என்றாள். "உங்க ஊட்டுக்காரம்மா முன்னால உக்காந்திருக்காங்க. நான் மேடைக்கு வாரதா வேண்டாமான்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கலாமணி சத்தமில்லாமல் காங்கேயம் பஸ் ஏறுவாள், பூங்கோதை தலைநிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். நாக்கின் நுனி வரைக்கும் அந்த வார்த்தை வந்தது. கேட்காமல் முடிவெடுத்த புத்திசாலித்தனம் ஒரு தடவை போதாதா என்று தோன்றியது. அவளை இருக்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டுப் படியில் இறங்கி முதல் வரிசைக்குப் போனான்.

பூங்கோதையின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னான். பெண் பார்க்க வந்த அன்று சொன்னது பொய் என்பதையும் சொன்னான். அவள் மேடையையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியுமுங்க" என்றாள். "வாசல்ல அவங்க கும்புடறப்பவே கையைப் பாத்துட்டேன்."

"கண்ணு, உனக்கு எப்ப இருந்து..."

"கல்யாணம் ஆன மொத வருசம் உங்க கோயிலுக்குப் போனமே, அப்ப இருந்துங்க. மாவிளக்கு வரிசையப் பாத்ததும் உங்க மூஞ்சி போன போக்கு எனக்குத் தெரியாதுங்களா?"

பூங்கோதை இடது கையில் எப்போதும் அகலமான தோல்பட்டை வாட்ச் கட்டியிருப்பாள். விசேஷத்துக்குப் பட்டுச் சேலை உடுத்தினாலும் அதுதான். வளையல் போட்டுக்கொள் என்று அவன் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறான். அவள் இப்போது அந்த வாட்சைக் கழற்றினாள். கீழே, வெயில் படாத தோல் பட்டையாக வெளுத்துக் கிடந்தது. தழும்பில்லாத சுத்தமான மணிக்கட்டு.

"பாட்டக் கேட்டவங்கெல்லாம் தழும்பு இருக்குதான்னு மொதல்ல என்ற கையைத்தானுங்க பாப்பாங்க. உங்க பொய்ய நான் இதை வெச்சு மூடி வெச்சிருந்தேன்" என்று வாட்சை அவன் கையில் வைத்தாள். "அவங்களை மேடைக்குக் கூப்புடுங்க. அவங்க பாட்டு அது. எனக்குக் கேக்கோணும்னு இருந்தது ஒண்ணே ஒண்ணுதானுங்க. இத்தனை வருசத்துல எனக்குன்னு ஒரு வரி எழுதுனீங்களா?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் மேடையிலிருந்து ரித்திகா அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

மேடையேறி மைக்கைப் பிடித்தான். கலாமணியை அவனே அழைத்து, இந்தப் பாட்டு இவர்களைப் பார்த்து எழுதியது என்றான். அரங்கம் அதிர்ந்தது. உறவுக்காரர்களின் இரண்டு வரிசையில் மட்டும் சத்தமே இல்லை. கைதட்டல் அடங்கும்வரை நின்றான்.

"என்ற சம்சாரத்துக்காக எழுதுனேன்னு ஊட்டுல பொய் சொல்லிட்டேனுங்க. அந்தப் பொய்ய அவங்கதான் இத்தனை வருசமாக் கட்டிக் காப்பாத்துனாங்க. அவங்களுக்குன்னு நான் இன்னும் ஒரு வரி எழுதலீங்க."

ரசாக் கிடாரைத் தொடங்கினான். கிருபாசங்கர் பாடினான். இரண்டாவது சரணத்துக்கு வரும்போது கீழே பார்த்தான். பூங்கோதையின் அண்ணன் அவள் தோளைத் தொட்டு, போய்விடலாம் என்று எழுந்து நின்றான். அவள் எழவில்லை, கைதட்டவும் இல்லை. வெறுங்கையை மடிமேல் வைத்துக்கொண்டு, இது முடிந்ததும் என்ன பாடப் போகிறீர்கள் என்பதுபோல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.