ஒப்புக்கொடுத்த நோவு

தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாரோடு பேரம் பேசுவதில் யூலிற்றாவை மிஞ்ச முல்லைத்தீவுக் கரையில் ஆளில்லை. தொலைந்த சாவிக்கு ஒரு மெழுகுதிரி, தொலைந்த ஆட்டுக்கு இரண்டு. எண்பத்தோராம் ஆண்டு மாரியில் கடலுக்குப் போன மகன் யோசெப் திரும்பாதபோது, வெறும் மெழுகுதிரி காணாது என்று அவளுக்கே தெரிந்தது. கண்ணில் விழுந்திருந்த படலத்தை வெட்டி எடுக்க வவுனியா ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். கத்தி படுகிற நோவு முழுவதையும் பிள்ளைக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்று கோயிலில் நிற்கிற அந்தோனியார் சுருவத்தின் காலைப் பிடித்துச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மேசையில் படுத்த பிறகுதான் விறைக்கிற ஊசி ஒன்று இருக்கிறதென்று அறிந்தாள்.

"ஊசி வேண்டாம் டொக்டர் ஐயா. நோகட்டும், நான் பொறுப்பன்."

"நீங்கள் பொறுப்பீங்கள் அம்மா, கண் பொறுக்காது. கொஞ்சம் ஆடினாலும் பார்வை போயிடும்."

பார்வை போனால், கரைக்கு வருகிற வள்ளத்தில் நிற்பது யாரென்று எப்படித் தெரியும்? வாயை மூடிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே சுள்ளென்று ஊசி இறங்கியது. அந்த நோவையாவது பிடித்துவைக்க நினைப்பதற்குள் அதுவும் கரைந்துபோனது.

பிறகு அந்தக் கண் அவளுடையதாகவே இல்லை. வெளிச்சம் பாலாய்ப் பரவி, மெல்ல நீலமானது. கடலடியில் கிடந்து மேலே பார்ப்பது போலிருந்தது. வள்ளத்தின் அடிப்பலகையாய் ஒரு நிழல் போனது, வந்தது. டொக்டரின் கைதான் என்று தெரிந்தும் "யோசெப்" என்று மனதுக்குள் கூப்பிட்டாள். நிழல் நின்று திரும்பியது. என்ன சுகம்! பாவி, பிள்ளைக்காகப் படுத்த இடத்தில் இப்படிச் சுகமாகக் கிடக்கிறாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"முடிஞ்சுது அம்மா" என்றார் டொக்டர்.

"ஒண்டும் நோகேல்லையே!" என்றாள் யூலிற்றா.

கண்ணுக்குக் கட்டுப் போட்ட தாதி கமலாட்சி சிரித்தாள். "நோகாட்டி நல்லதுதானே?"

யூலிற்றா அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தியைச் சொன்னாள்.  கமலாட்சி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, காயம் ஆறுமட்டும் அழக் கூடாது. ஒரு சொட்டும் கூடாது. கண் கெட்டுப்போயிடும்."

யோசெப் போனதிலிருந்து அழாமல் அவள் ஒரு பொழுதைக் கழித்ததில்லை. இருந்த ஒரே மருந்து அதுதான். முட்டிக்கொண்டு வந்ததை விழுங்கினாள். நெஞ்சு வெடித்துவிடும்போல் நொந்தது. அங்கே ஊசி போட ஒருவரும் வரவில்லை.

"அந்தோனியாரே" என்றாள் மெல்ல, "இதை எடுத்துக்கொள்ளும்."