நீர்நாய் பேசாத இடம்

படாரென்று கதவு திறந்தது. சிவப்பு விளக்கு எரியும்போது டப்பிங் அறைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். முதலாளி நுழைந்தார். படத்தை வாங்கி வெளியிடுகிறவர். அவரை யார் தடுப்பது?

“என்னம்மா இது, பாக்கறவன் தூங்கிடுவான் போலிருக்கே?” என்று திரையைக் காட்டினார்.

ஜப்பானிய அனிமேஷன் படம். வெள்ளத்தில் மூழ்கிய ஊர். கூரைகளுக்கு மேலே ஒரு படகு. காணாமல் போன தம்பியைத் தேடிப் போகிறாள் ஒரு சிறுமி. எதிரே ஆளுயர நீர்நாய் ஒன்று துடுப்புப் போடுகிறது. அவள் ஆரஞ்சை உரிக்கிறாள். பாதியைத் தம்பிக்கென்று பக்கத்தில் வைக்கிறாள். நீர்நாய் பார்க்கிறது. யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

“அதுதான் சார் படமே,” என்றாள் டப்பிங்கை நடத்துகிறவள். அவள் பொறுப்பேற்ற முதல் படம் இது. “தம்பி உயிரோட இருக்கானான்னு அவளுக்கே தெரியாது. இதுல என்ன பேசறது?”

“நீர்நாய் நாலு ஜோக் அடிக்கட்டும். நாளைக்குக் காலையில பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரேன். இந்த இடத்துல ஒரு பிள்ளை எழுந்து போனாக்கூட சீனை வெட்டிடுவேன். மிச்ச வேலையையும் வேற ஸ்டுடியோ பாத்துக்கும்.”

ஒலிப்பதிவு மேசையிலிருந்த அவள் கணவன் ‘விட்டுத் தொலை’ என்று கண்ணைக் காட்டினான். அவள் ‘சரி சார்’ என்று தலையாட்டினாள்.

நீர்நாய்க்குக் குரல் கொடுப்பவனுக்கு ஓட்டைவாய் என்று பெயர். பல் பிடுங்கிய அன்று மட்டும்தான் அவன் பேசாமல் இருந்ததாக ஸ்டுடியோவில் சொல்வார்கள்.

“முகத்தை ஏன் அண்ணி இப்படித் தூக்கி வெச்சிருக்கீங்க? என் ஜோக்கைக் கேட்டா சுவர் கூடச் சிரிக்கும்.”

“சுவர் சிரிச்சுக்கட்டும். நீ பேசிட்டுக் கிளம்பு.”

பேசினான். ஜோக்குகள் பதிவாயின.

மறுநாள் காலை ஸ்டுடியோவின் சிறிய அரங்கம் பிள்ளைகளால் நிறைந்தது. முன்வரிசையில் முதலாளி. பின்னால், ஒலி மேசையில் கணவன். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் ஓட்டைவாய்.

படகு வந்தது. சிறுமி ஆரஞ்சை எடுத்தாள். முதல் ஜோக் வரவேண்டிய இடம்.

வரவில்லை.

துடுப்பிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது.

“ஜோக் எங்கே?” என்று கணவனின் காதைக் கடித்தாள்.

அவன் மேசையைப் பார்த்தான். ஜோக்குகள் பதிவான ஒலித்தடத்தை மூடும் பட்டன் அமுக்கப்பட்டிருந்தது. “நான் திறந்துதானே வெச்சிருந்தேன்...”

முதலாளி திரும்பிப் பார்த்தார். இருட்டில் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு சிறுவன் எழுந்தான்.

தொலைந்தது எல்லாம். கணவனின் விரல் பட்டனை நோக்கிப் பாய்ந்தது.

சிறுவன் கதவுப் பக்கம் போகவில்லை. திரையைப் பார்த்தபடியே நடந்து, அதன் அடியில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். இன்னொருத்தி போய் அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு மூன்று பேர். யாரும் பேசவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

முதலாளி பாதி வழியில் நின்றுவிட்டார். படகு ஒரு கோபுரத்தைத் தாண்டிப் போகும்வரை நின்றார். பிறகு மேசையருகே வந்து, பட்டன் மேலிருந்த விரலை மெல்ல விலக்கினார்.

“இப்படியே இருக்கட்டும்,” என்றார் அடித்தொண்டையில். அங்கேயே ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவளுக்கு இப்போதுதான் மூச்சே வந்தது. வந்த மூச்சோடு கணவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். இப்படியா மறப்பது? கொஞ்சம் பிசகியிருந்தால்?

ஓட்டைவாய் அவள் பக்கம் சாய்ந்தான்.

“அண்ணனை முறைக்காதீங்க அண்ணி. அவர் டீ குடிக்கப் போனப்போ நான்தான் அமுக்கினேன். அந்தப் பொண்ணு பக்கத்துல என் குரலைக் கேக்க எனக்கே சகிக்கலை.”