மேனேஜர் எப்படிப்பட்டவர்

"அவுரு சாமிப்பா" என்றார் முனிரத்தினம்.

"எந்தச் சாமி? ஆடு கேக்கற சாமியா?" என்றான் மஞ்சுநாத்.

பெங்களூர் வண்டி சாம்பியன் ஸ்டேஷனை விட்டு இன்னும் முழுசாக நகரவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் அந்த வண்டியில் மூன்றாவது பெட்டி பஜனைக்காரர்களுடையது, நாலாவது கால்பந்துக்காரர்களுடையது. யாரும் எழுதி ஒட்டியதில்லை. வருஷக்கணக்காக அப்படித்தான்.

கொர்னேலியஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தங்கச் சுரங்கம் மூடும்வரை அதன் டைம் ஆபீசில் குமாஸ்தா. அதற்குப் பிறகு பெங்களூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறார். பெட்டியில் எல்லோருக்கும் அவர் மேல் மரியாதை உண்டு. இரண்டு வருஷமாக அந்த மரியாதையில் கொஞ்சம் பயமும் சேர்ந்திருந்தது. மேனேஜரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கண் அவர் பக்கம் போய் வரும்.

மேனேஜர் என்றால் தாமோதரன். சாம்பியன் ரீப்ஸ் லெவன் அணிக்கு இருபத்தொரு வருஷமாக அவர்தான் மேனேஜர். ஆளைத் தேர்ந்தெடுப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, ஜெர்சி துவைத்துக் காயப்போடுவது, காலையில் வீடு வீடாகப் போய்ப் பையன்களின் போர்வையை இழுப்பது எல்லாம் அவர் வேலை. இந்த மாதத்தோடு விலகுகிறார். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அவருக்குச் சால்வை போட்டு வாழ்த்து மடல் வாசிப்பதாக ஏற்பாடு.

"சொந்த அக்கா பையனையே டீம்ல சேக்காதவரு. யாருக்கு வரும் அந்த மனசு?" என்றார் முனிரத்தினம்.

"அந்தப் பையனுக்கு ரெண்டு காலும் இடது கால். அவனை யாரும்தான் சேக்க மாட்டாங்க."

"டேய் மஞ்சு, உன்னை டீம்லருந்து எடுத்துட்டாருன்னு பேசற."

"ஆமா, கல்யாணத்துல டான்ஸ் ஆடினதுக்கு எடுத்தாரு. மேட்ச் மறுநாள். நான் ஆடினது அரை பாட்டு. அந்த ஆளுக்குத் தன் பேரு முக்கியம் குரு, வேற ஒண்ணும் கிடையாது. ஸ்ட்ரிக்டு, ஸ்ட்ரிக்டுன்னு ஊரு சொல்லணும்."

"அவருக்குப் பயந்துதான் நான் பீடியைத் தொடல."

"அதான் மூச்சு விடாம பேசறீங்க."

பெட்டி சிரித்தது. கொர்னேலியசும் சிரித்தார். சிரிக்காவிட்டால் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், அது இன்னும் கஷ்டம்.

பங்காரப்பேட்டை தாண்டியதும் முனிரத்தினம் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினார். கமிட்டியின் செயலாளர் அவர்தான்.

"கொர்னேலி அண்ணா, வாழ்த்து மடல். நீங்க ஒருவாட்டி பாத்துட்டா நிம்மதி. அப்புறம், சால்வையையும் நீங்களே போடணும். கமிட்டியில எல்லாருக்கும் அதான் ஆசை."

கொர்னேலியஸ் பேனாவைத் திறந்துகொண்டு படித்தார். ஏழாவது வரியில் நின்றார்.

'தலையில் அடிபட்ட பின்னும் தானே விரும்பி, நூற்றிப் பத்து என்று சிங்கம்போல் முழங்கி, இறுதிவரை கோல் காத்து உயிர்நீத்த வீரன் டைட்டஸ் போன்றோரை வளர்த்த வள்ளல்.'

டைட்டஸ் கொர்னேலியசின் ஒரே மகன். இருபத்து நாலு வயது.

அந்த நூற்றிப் பத்து சுரங்கத்திலிருந்து வந்த வழக்கம். பூமிக்கடியில் ஒருவன் தலையில் கல்லோ கட்டையோ விழுந்தால், மேஸ்திரி விளக்கை முகத்துக்கு நேரே பிடித்து, "எந்த லெவல்?" என்று கேட்பார். நிற்கும் ஆழத்தைச் சரியாகச் சொன்னால் ஷிப்டைத் தொடரலாம். தடுமாறினால் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏற்றி மேலே அனுப்புவார்கள். சுரங்கத்து ஆட்கள் பந்தாட வந்தபோது அந்தக் கேள்வியும் கூடவே மைதானத்துக்கு வந்தது. சுரங்கம் மூடிய பிறகு கேள்வி மட்டும் நின்றுவிட்டது. பதிலும் ஒன்றே ஒன்றாகிப் போனது. அடிபட்டு விழுந்தவனை மேனேஜர் கேட்பார், "எந்த லெவல்?" அவன், "நூத்திப் பத்து" என்பான். வேடிக்கை பார்க்கிறவர்கள் ஓவென்று கத்திக் கை தட்டுவார்கள். சுரங்கத்தையே பார்க்காத பையன்களுக்கும் அந்தப் பதில் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அதைக் கேட்டு ஒருவன் தலைக்குள் என்ன ஆகியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? யாரும் அப்படி யோசித்ததில்லை. கொர்னேலியசும் யோசித்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் நந்திதுர்க் அணியோடு அரையிறுதி. ஒரு கோல் முன்னால் இருந்தார்கள், பன்னிரண்டு நிமிஷம் பாக்கி. பந்தைப் பிடிக்கப் பாய்ந்த டைட்டஸின் தலை கோல் கம்பத்தில் மோதியது. தாமோதரன் ஓடினார், தண்ணீர் ஊற்றினார், குனிந்து கேட்டார். பிறகு கையை உயர்த்தினார். "நூத்திப் பத்து!" என்று மைதானம் அதிர்ந்தது. கொர்னேலியஸ் எதிர்ப்பக்கம் நின்று தானும் கை தட்டினார். ஆட்டத்தில் ஜெயித்தார்கள்.

டைட்டஸ் வீட்டுக்கு வந்து தலை கனமாக இருக்கிறது என்றான். அவன் அம்மா பியாட்ரிஸ் தைலம் தேய்த்துவிட்டாள். மறுநாள் திங்கட்கிழமை, வேலைக்குப் போகாமல் முடியாது. இதே பெட்டியில் அப்பாவும் மகனும் ஏறினார்கள். டைட்டஸ் உட்கார்ந்ததுமே கண்ணை மூடினான். அந்த வண்டியில் பாதிப் பேர் தூங்குகிறவர்கள். தூங்குகிறவனை எழுப்பக் கூடாது என்பது அங்கே சட்டம் மாதிரி. முழங்கால்கள் மேல் துண்டை விரித்துச் சீட்டாடினார்கள். துண்டின் ஒரு முனை டைட்டஸின் முழங்கால் மேல் இருந்தது. "மெதுவா பேசுங்கப்பா, பையன் தூங்கட்டும்" என்று சொன்னது கொர்னேலியஸ்தான். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்குவதற்காகத் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஆறுதலாக ஒன்றையே சொன்னார்கள். தைரியசாலி, தானாகவே ஆடுகிறேன் என்றானாம், யார் தடுக்க முடியும். பியாட்ரிஸ் ஒரு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள், "அப்போ என் பையன் சாகறேன்னு தானே கை தூக்கினானா?" தாமோதரன் அடக்கத்துக்கு வந்து கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்றுவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு அவர் வந்ததில்லை, இவரும் போனதில்லை.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு நாள்ல தரேன்" என்றார்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மைசூர் மைன்ஸ் தொழிலாளர் குடியிருப்பு லைனில் இருந்த தாமோதரன் வீட்டுக்குப் போனார். ஜெர்சிகளைத் தரையில் பரப்பி எண் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த தாமோதரன், இவரைப் பார்த்ததும் கையிலிருந்த ஜெர்சியோடு நிமிர்ந்தார்.

"வாங்க கொர்னேலியஸ். நீங்க வருவீங்கன்னு ரெண்டு வருஷமா..."

"ஒண்ணு கேக்கணும் மேனேஜர். அன்னைக்கி என் பையன் பதில் சொன்னானா?"

தாமோதரன் ஜெர்சியை மடியில் வைத்துக்கொண்டார். யோசிக்கவில்லை. பதில் பல நாளாகத் தயாராக இருந்ததுபோல் வந்தது.

"சொல்லல. ரெண்டு பந்து தெரியுது மேனேஜர், என்னை எடுத்துடுங்கன்னான். மாத்து கோல்கீப்பர் குப்பத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தான். பன்னண்டு நிமிஷம்தானே, நில்லு, பந்து உன்கிட்ட வராம பாத்துக்கறோம்னேன். நான்தான் கையைத் தூக்கினேன். நூத்திப் பத்துன்னு கத்தினது என் வாய். அந்தச் சத்தத்துல யாருக்கும் தெரியல."

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை நகர்த்தினார்கள்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கமிட்டியில ரெண்டு தடவை சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"பழியை நீங்க தூக்கிக்காதீங்க மேனேஜர், உங்க மனசு யாருக்கு வரும்னாங்க." தாமோதரன் தரையைப் பார்த்தார். "நீங்க சொல்லிப் பாருங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

கொர்னேலியசுக்கு அவரை அடிக்கத் தோன்றவில்லை. அழவும் தோன்றவில்லை. தன் மகன் கேட்டிருக்கிறான், என்னை எடுத்துடுங்க என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறான் என்பது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதை ஊர் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து பியாட்ரிசிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "எல்லார்கிட்டயும் சொல்லு" என்றாள்.

ஏழாவது வரியை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: 'தன்னால் ஆட முடியவில்லை, வெளியே எடுங்கள் என்று டைட்டஸ் கேட்டான். அவன் எடுக்கப்படவில்லை.' அடுத்த நாள் வண்டியில் அதை முனிரத்தினத்திடம் கொடுத்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி நடந்ததைச் சொன்னார். அவர் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

முனிரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியாடா மஞ்சு? இந்த மனுசனைத்தான் ஆடு கேக்கற சாமின்றே. பெத்தவரு வந்து நின்னதும், பையன் மேல ஒரு சொல்லு வரக்கூடாதுன்னு எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கினாரு."

"முனிரத்தினம், அவரு நிஜமாத்தான் சொன்னாரு" என்றார் கொர்னேலியஸ்.

"அண்ணா, நான் கோல் கம்பத்துக்குப் பின்னாடிதான் நின்னேன். டைட்டஸ் குரலு எனக்குத் தெரியாதா? இந்தக் காதால கேட்டேன்."

"இல்லப்பா, அவரு குரலு அது."

"இதெல்லாம் டிராமா அங்கிள்" என்றான் மஞ்சுநாத். "போகப்போற நேரத்துல அனுதாபம் வேணும், அவ்ளோதான். ரெண்டு வருஷம் வாயைத் தொறக்காத ஆளு, சால்வை வர வாரத்துல தொறக்கறாரா?"

"கமிட்டியில முன்னாடியே சொல்லியிருக்காரு மஞ்சு."

"அங்கயும் டிராமாதான். டைட்டஸ் வெளிய வரேன்னு கேக்கற ஆளா? அவனை எனக்குத் தெரியாதா அங்கிள்? கால் உடைஞ்சாலும் நிப்பான்."

முனிரத்தினமும் மஞ்சுநாத்தும் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். டைட்டஸ் கேட்டிருக்க மாட்டான். பெட்டியில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கொர்னேலியசுக்கு மெல்ல விளங்கியது. அந்த ஓவென்ற சத்தத்தில் எல்லோருடைய குரலும் இருந்தது. முனிரத்தினத்தின் குரல், மஞ்சுநாத்தின் குரல், தன் குரல். பையன் தானே கேட்டு ஆடியவனாக இருந்தால்தான் இவர்கள் மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியும். மேனேஜர் நல்லவரா கெட்டவரா என்று ஆயுசுக்கும் பேசலாம். டைட்டஸ் கேட்டான் என்பதைப் பேச ஆரம்பித்தால் பேச்சு நின்றுவிடும்.

"வரியை மாத்தறீங்களா?" என்று கேட்டார்.

"பாத்துக்கலாம்ணா" என்று முனிரத்தினம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். மடலை மைக்கில் முனிரத்தினமே வாசித்தார். ஏழாவது வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: 'தன் வீரனின் மரணப் பழியையும் தானே சுமக்கும் பெருந்தகை.'

தாமோதரன் மைக்கை வாங்கிக்கொண்டார். குரல் நடுங்கவில்லை.

"டைட்டஸ் பதில் சொல்லல. என்னை எடுத்துடுங்கன்னு கேட்டான். நான் எடுக்கல. நூத்திப் பத்துன்னது நான். இது பெருந்தன்மை இல்ல. நடந்தது."

மைதானம் ஒரு கணம் அடங்கியது. பின்வரிசையிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். "மேனேஜர் வாழ்க!" என்று ஒரு குரல். அதைத் தொடர்ந்து மைதானம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. "நல்லா நடிக்கறாரு, இல்ல அங்கிள்?" என்றான் பக்கத்தில் இருந்த மஞ்சுநாத். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

கொர்னேலியசின் பெயரைக் கூப்பிட்டார்கள். போகாமல் இருக்கலாம். போகாவிட்டால் திங்கட்கிழமை காலை பெட்டியில் அதையும் சேர்த்து மேனேஜரைப் பற்றித்தான் பேசுவார்கள். போனார். சால்வையை யாரோ கையில் வைத்தார்கள்.

"போடாதீங்க கொர்னேலியஸ்" என்றார் தாமோதரன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

போட்டோக்காரன், "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க சார்" என்றான். கொர்னேலியஸ் சால்வையைப் போட்டார். கழுத்தோரத்தில் சரிந்ததை இழுத்துச் சரிசெய்தார். இருவரும் காமிராவைப் பார்த்தார்கள்.

ஆட்டத்துக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்தார். பியாட்ரிஸ் மைதானத்துக்கு வரவில்லை. ஒலிபெருக்கி லைன் முழுக்கக் கேட்கும், வர வேண்டிய அவசியமும் இல்லை. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு சொன்னது கேட்டுச்சு" என்றாள்.

"உம்."

"அப்புறம் கை தட்டினது கேட்டுச்சு."

கொர்னேலியஸ் செருப்பைக் கழற்றினார். மைதானத்திலிருந்து விசில் ஊதும் சத்தம் வந்தது. ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னும் யார்கிட்டயாவது சொல்லணுமா?" என்று கேட்டாள்.

அவர் யோசித்துப் பார்த்தார். போதகர், அச்சகத்து முதலாளி, லைனில் இருக்கிற நாலைந்து பேர். ஒவ்வொரு முகமாக வந்தது. எல்லா முகமும் மேனேஜரைப் பற்றி ஏதோ சொல்லத் தயாராக இருந்தது.

"இல்ல" என்றார்.

பியாட்ரிஸ் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். சத்தம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.