பசடேனா முன்னோட்டம்

என் கணவர் வெண்டல் ஹாஸ்கின்ஸ் குழந்தைகளுக்காகப் பதினொரு படம் எழுதி இயக்கியவர். போன மார்ச்சில் இறந்தார். அவற்றில் ஒன்பதுக்கு நான்தான் படத்தொகுப்பு. நான்காவது படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதன் முடிவில் தாயை இழந்த சிறுமி அம்மாவின் அலமாரியைத் திறந்து, ஒரு நிமிடம் சும்மா நிற்பாள். வசனமில்லை, இசையில்லை. அதற்காகத்தான் படமே எடுத்தேன் என்பார். அம்மா கனவில் வந்து பேசட்டும் என்றது ஸ்டூடியோ. வெளியீட்டுக்கு முன் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டும் முன்னோட்டத்தில் அவர்கள் பொறுமையாகப் பார்த்தால் அவர் முடிவே நிற்கும் என்று பேச்சு.

ஒரு சனிக்கிழமை மதியம், பசடேனா ஊர்த் தியேட்டர் ஒன்றில் திரையிட்டோம். பெற்றோர் கருத்தைச் சொல்லிக்கொடுக்கக் கூடாதென்று பிள்ளைகளை முன்வரிசைகளிலும் அவர்களைப் பின்னாலும் உட்காரவைப்பது வழக்கம். நான் பின்னால் இருந்தேன். வெண்டலால் உட்கார முடியாது. திரையோரம் நடந்துகொண்டே, எழுந்துபோகும் பிள்ளைகளை எண்ணுவார்.

"என்ன வெண்டல், இன்னைக்கும் தியேட்டரை அளக்குறீங்களா?" என்று சிரித்தாள் ஸ்டூடியோவின் கிரெட்சன்.

"உட்கார்ந்தா தூங்கிடுவேன். என் படமாச்சே."

அலமாரிக் காட்சி வந்தது. ஒரு சிறுமி எழுந்தாள். பிறகு இரண்டு பையன்கள். மொத்தம் பதினாறு பேர் இருட்டில் மேலே நடந்து வந்தார்கள். பின்னால் இருந்த வாசலுக்கு யாரும் போகவில்லை. அம்மாக்களைத் தேடி வந்து மடியில் ஏறிக்கொண்டார்கள். என் பக்கத்து இருக்கை அம்மாவிடம் வந்த பையன் அவள் சட்டைக் கையைப் பிடித்தபடியே திரையைப் பார்த்தான்.

வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி நான் முன்கூடத்துக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"பதினாறு பேர் வெளியே போயிட்டாங்க, கிரெட்சன். நீங்க சொன்னதுதான் சரி. கனவை எழுதித் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் வெண்டல்.

"வெளியே யாரும் போகலைங்க! அம்மாகிட்ட வந்தாங்க. நான் பார்த்தேன்" என்றேன்.

வெண்டல் என் தோளைத் தட்டினார். "எனக்காகச் சொல்றே, லோர்னா. விடு."

"உங்களுக்காக நான் எப்போ பொய் சொல்லியிருக்கேன்?"

"போன படம் நல்லா இருக்குன்னு சொன்னியே."

கிரெட்சன் சிரித்துவிட்டாள். போன படத்துக்கு நான் பொய்தான் சொல்லியிருந்தேன்.

கருத்து அட்டைகளில் பிள்ளைகள் 'சோகம்' என்று மட்டும் குறியிட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அந்த நிமிடத்தை என் கையாலேயே வெட்டினேன். அவர் வெளியே தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். படம் நன்றாக ஓடியது.

பிறகு வந்த ஒவ்வொரு முன்னோட்டத்திலும், "ஒரு தடவை பின்னால வந்து என்கூட உட்காருங்க" என்று கூப்பிட்டேன்.

"அடுத்த படத்துக்கு" என்பார்.